சிங்காரக் ஏரிக்கரையில் சென்ட் என்ன விலை?

சிங்காரக் ஏரியில் எடுத்த படங்களை நண்பர்களுக்கு அனுப்பினேன். முக்கால்வாசிப் பேர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே இடம் என்ன விலைக்குப் போகுது?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீலமாக ஒரு ஏரி, சுற்றிலும் மலை, கரையோரம் நெல்வயல், நடுவில் எருமைக் கொம்பு போலக் கூரை வளைந்த மர வீடுகள். அதில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பாலித் தீவில் வில்லா வாங்கிப் போட்டவர்களின் வீடியோக்களை வேறு எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கை அரிக்கத்தான் செய்யும்.

விலையே கிடையாது என்பதுதான் பதில். அந்த நிலத்தை விற்கும் உரிமை உள்ள ஆள் இன்னும் பிறக்கவில்லை. சொன்னால் யாரும் நம்பவில்லை, அதனால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

ஊரின் பெயர் சும்பு. இந்தோனேசியாவில், மேற்குச் சுமத்ராவின் தானா டத்தார் மாவட்டத்தில், ஏரியின் வடகோடியில் இருக்கிறது. சுமத்ராவில் தோபாவுக்கு அடுத்த பெரிய ஏரி சிங்காரக்தான். நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். வாழ்பவர்கள் மினாங்கபாவ் மக்கள். உலகத்தில் தாய்வழிச் சொத்துரிமையை இன்னும் கைவிடாத சமூகங்களில் இதுவே பெரியது என்பார்கள். அதே சமயம் ஐந்து வேளைத் தொழுகையில் ஊன்றிய முஸ்லிம்கள். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதுதான் இங்கே நூறு வருடங்களுக்கு மேலான வழக்கு. அதற்கு வருகிறேன்.

முதலில் போய்ச் சேருவதைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலிருந்து மேற்குச் சுமத்ராவின் தலைநகரான பாடாங்குக்கு நேரடி விமானம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா, ஐந்து லட்சம் ரூபியா. தொகையைக் கேட்டு நெஞ்சைப் பிடிக்க வேண்டாம், அந்த ஊர்ப் பணத்தில் சுழியங்கள் அதிகம். பாடாங்கிலிருந்து பாடாங் பாஞ்ஜாங்குக்கு மலையேறும் சாலை லெம்பா அனாய் பள்ளத்தாக்கு வழியாகப் போகிறது. அருவி சாலையை ஒட்டியே விழுகிறது. வண்டிக் கண்ணாடியில் சாரல் அடிக்கும். 2024 மே மாதம் இந்தச் சாலையின் ஒரு பகுதி காணாமல் போயிற்று. மராப்பி எரிமலை 2023 டிசம்பரில் வெடித்து மலையேறப் போன 24 பேரைக் கொன்றது. அப்போது சரிவில் குவிந்த சாம்பலும் பாறையும் அடுத்த மழைக்காலத்தில் சேறாக இறங்கி அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. இது மராப்பி, ஜாவாவில் இருப்பது மெராப்பி. செய்தி படிக்கும்போது நம் வீட்டில் உள்ளவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு போன் செய்வார்கள்.

பேருந்தை நம்ப வேண்டாம். அங்கே 'டிராவல்' என்று ஒன்று உண்டு. ஏழெட்டுப் பேர் ஏறும் வண்டி, வீட்டு வாசலில் வந்து ஏற்றி, போக வேண்டிய வாசலில் இறக்கும். எல்லோருடைய வாசலுக்கும் அப்படித்தான் போகும் என்பதால் பாடாங்கைச் சுற்றிப்பார்க்கத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பாடாங் பாஞ்ஜாங்கைத் தாண்டி இறக்கத்தில் திரும்பும்போது ஏரி தெரியும். கிழக்குக் கரையோடு ஒரு பழைய தண்டவாளமும் போகிறது. சாவாலுந்தோ சுரங்கத்து நிலக்கரியைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக டச்சுக்காரர்கள் 1890களில் போட்டது. மலையேறும் இடங்களில் நடுவில் பல்சக்கரப் பாதை. 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ரயில் மட்டும் வருவதில்லை.

சும்பு பெருஞ்சாலையிலிருந்து விலகி உள்ளே இருக்கிறது. அதனாலேயே பேருந்துக் கூட்டம் வருவதில்லை. நான் தங்கியது ஒரு ரூமா கடாங்கில், அதாவது குலத்துப் பெரிய வீட்டில். நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. மூத்த பெண்களை அங்கே 'உனி' என்று கூப்பிட வேண்டும், நம் அக்கா மாதிரி. நானும் உனி என்றேன். அவர் என்னை 'பாக்' என்றார்; அது ஐயாவுக்கும் அப்பாவுக்கும் பொதுவான மரியாதை.

வீட்டின் அமைப்பிலேயே சொத்துச் சட்டம் எழுதியிருக்கிறது. முன்பக்கம் முழுக்க ஒரே நீளக் கூடம், தடுப்பே இல்லை. பின்பக்கம் வரிசையாகச் சின்ன அறைகள். அறைகள் திருமணமான மகள்களுக்கு. கடைசியாகக் கல்யாணம் ஆனவளுக்குக் கோடி அறை. அடுத்தவளுக்குக் கல்யாணம் ஆனதும் எல்லோரும் ஓர் அறை சமையலறைப் பக்கம் நகர வேண்டும். கிழவிகள் அடுப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேருவார்கள். மகன்களுக்கு எந்த அறை என்று கேட்டேன். உனி சிரித்தார். மகனுக்கு அறையே கிடையாது. சிறு பையனாக இருக்கும்போதே இரவுப் படுக்கை சூராவுக்கு, அதாவது ஊர்த் தொழுகைக்கூடத்துக்கு, மாறிவிடும். குர்ஆன் ஓதுவது, சிலம்பம் போன்ற சீலாத் சண்டை, ஊர்ப் பேச்சு எல்லாம் அங்கேயே பழகிக்கொள்வான். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் வீட்டுக்குப் போவான், அங்கேயும் விருந்தாளியாகத்தான். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை அந்திக்கு மேல் வந்து விடிவதற்குள் அம்மா வீட்டு வயலுக்குத் திரும்பிவிடுவானாம். மரக்கட்டை மேல் கிடக்கும் சாம்பல் என்று மாப்பிள்ளைக்கு அவர்கள் வைத்த பழமொழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. காற்றடித்தால் போயிற்று.

இப்போது சூராவில் யாரும் படுப்பதில்லை. கணவன், மனைவி, பிள்ளைகள் என்று தனிக்குடித்தனம்தான். ஆனால் அந்தத் தனிவீடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கணவன் ஜாகர்த்தாவில் சம்பாதித்த பணத்தில் செங்கல் வீடு கட்டுவான், மனைவியின் குலத்து நிலத்தில். மணவிலக்கு ஆனால் அவன் எடுத்துப்போவது துணிப்பையைத்தான். சேர்ந்து சம்பாதித்ததில் பாதி அவனுக்கு என்று சட்டம் சொல்லும், சரி, சுவரைப் பாதியாக அறுத்து எடுத்துப்போக முடியுமா?

அடுத்து நான் கேட்டது ஒரு தமிழனின் இயல்பான கேள்வி. பட்டா யார் பேரில்?

உனி உள்ளே போய்ச் சுருட்டி வைத்த ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்தார். கூடத்துப் பாயில் விரித்து, நான்கு மூலைக்கும் காபிக் கோப்பைகளை வைத்தார். ராஞ்ஜி என்கிறார்கள். குலத்தின் வம்சாவளி வரைபடம். உச்சியில் ஒரே ஒரு பெண்ணின் பெயர். அவளிடமிருந்து கோடுகள் இறங்குகின்றன, மகள்கள், அவர்களின் மகள்கள் என்று. ஆண்களின் பெயர்களும் உண்டு. ஆனால் ஒவ்வோர் ஆணின் பெயருக்குக் கீழேயும் தாள் வெறுமையாக இருக்கிறது. உனியின் தம்பிக்கு மூன்று பிள்ளைகள் என்று காலையில்தான் சொல்லியிருந்தார். தாளில் அவர் பெயரோடு கோடு நின்றுவிட்டது. "அந்தப் பிள்ளைகள் அவங்க அம்மா ஊர் ராஞ்ஜியில் இருப்பாங்க, பாக்" என்றார். அடியில் குலத்து மூத்த தாய்மாமனின் கையெழுத்து, குலத்தலைவரான பங்ஹூலுவின் கையெழுத்து, ஊர் மரபுச் சபையின் முத்திரை. நிலத்தைப் பதிவு செய்வதானாலும் வழக்குக்குப் போவதானாலும் முதலில் நீட்ட வேண்டியது இந்தத் தாளைத்தான். நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழில் யார் யாருக்கு விற்றார் என்று தேடுவோம். அங்கே எவள் யாரைப் பெற்றாள் என்று தேடுகிறார்கள்.

கோடு நின்றுபோன பெண்களும் அந்தத் தாளில் உண்டு. மகள் பிறக்காத கிளை பட்டுப்போனதாகக் கணக்கு; அதன் பங்கு பக்கத்துக் கிளைக்குப் போகும். உனிக்கு இரண்டும் மகன்கள். "தங்கச்சிக்குப் பொண்ணு இருக்கா, அதனால தப்பிச்சோம்" என்று விளையாட்டாகத்தான் சொன்னார். முழுக்க விளையாட்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் 'பெண்கள் ஆளும் தேசம்' என்று பயண இணையதளங்கள் எழுதித் தள்ளுகின்றன. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. சாவி பெண்ணிடம் இருக்கிறது, நெல்லும் அவளிடம்தான். சபையில் உட்கார்ந்து பேசுவது தாய்மாமன். பங்ஹூலு எல்லோரும் ஆண்கள். ஒரு வயலை ஒத்திக்கு விட வேண்டுமானால் குலத்துப் பெண்கள் ஒப்ப வேண்டும், ஆனால் அந்த ஒப்புதலை வாயால் சொல்லி முடிப்பது மாமன்தான். மாமனுக்கோ தன் பிள்ளைகளைவிடச் சகோதரியின் பிள்ளைகள் மேல்தான் முதல் கடமை. மடியில் பிள்ளை, கைப்பிடியில் மருமக்கள் என்று அதற்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். இன்று சம்பளம் வாங்கும் மாமன்கள் மடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது ஊரில் எல்லோருடைய முணுமுணுப்பு.

பூர்வீக நிலத்தை விற்கக் கூடாது, ஒத்திக்கு விடலாம். அதற்கும் மரபு நான்கே காரணங்களை அனுமதிக்கிறது: வீட்டில் பிணம் கிடந்து அடக்கக் காசில்லாதது, வயது வந்த பெண் கல்யாணம் ஆகாமல் இருப்பது, பெரிய வீடு ஒழுகுவது, குலத்தலைவர் பட்டம் கட்டக் காசில்லாமல் காலியாகக் கிடப்பது. இப்போது கல்லூரிக் கட்டணம், ஹஜ் பயணம் எல்லாவற்றையும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் நுழைத்துவிடுகிறார்கள். ஒத்திக் கணக்கைப் பணத்தில் வைப்பதில்லை, தங்கத்தில் வைக்கிறார்கள். ஓர் 'அமே' என்றால் இரண்டரை கிராம். இத்தனை அமே வாங்கினால் இத்தனை அமே திருப்ப வேண்டும். அதுவரை விளைச்சல் கடன் கொடுத்தவருக்கு. ரூபியா எத்தனை தடவை விழுந்து எழுந்தது என்று பார்த்தவர்களுக்கு இது கெட்டிக்காரத்தனம் என்று புரியும். தங்கம் ஏறுகிற ஏற்றத்தில் ஒத்தியை மீட்பது எப்படி என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பாட்டி விட்ட ஒத்தியைப் பேத்தி மீட்பது சாதாரணம். ஏழு வருடத்துக்கு மேல் ஒத்தியில் கிடந்த விளைநிலத்தைக் காசு வாங்காமலே திருப்பித் தர வேண்டும் என்று 1960இல் ஜாகர்த்தா ஒரு சட்டம் போட்டது. இந்தப் பக்கம் அதைச் சொல்லிக்கொண்டு வயலைக் கேட்டால் அதற்கப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. கொடுத்தவரும் பெரும்பாலும் சொந்தக்காரர்தான்.

மதத்துக்கும் மரபுக்குமான வழக்கைச் சொல்கிறேன் என்றேன். இதே மண்ணில் பிறந்து மெக்காவின் பெரிய பள்ளியில் இமாமாக உயர்ந்தவர் அகமது கத்தீப். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சகோதரியின் பிள்ளைக்குச் சொத்துப் போவது மார்க்கத்துக்கு விரோதம் என்று கடுமையாக எழுதினார். ஊர் கேட்டுக்கொண்டது, மாறவில்லை. கடைசியில் 1952இல் புக்கித்திங்கியில் மார்க்க அறிஞர்களும் குலத்தலைவர்களும் உட்கார்ந்து பேசிச் சொத்தை இரண்டாகப் பிரித்தார்கள். பரம்பரையாக வந்தது தாய்வழி போகும். ஒருவர் தன் உழைப்பில் சேர்த்தது இஸ்லாமிய வாரிசுப் பங்கின்படி பிள்ளைகளுக்குப் போகும். காகிதத்தில் சுத்தமான தீர்வு. நடைமுறையில், அப்பா தன் காசில் வாங்கிய வயல் இரண்டு தலைமுறை பிரிக்கப்படாமல் கிடந்தால் அதுவும் பூர்வீகத்தில் கலந்துவிடுகிறது.

வெளியாள் வாங்குவது இருக்கட்டும். 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முழு உரிமையுள்ள நிலத்தை இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே வைத்திருக்கலாம். வெளிநாட்டவருக்குப் பயன்பாட்டு உரிமையோ குத்தகையோதான். பாலி வில்லாக்காரர்கள் பலர் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கி வைத்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் இருப்பது இதனால்தான். மினாங்கபாவில் அந்தப் பினாமி வழியும் அடைபட்டிருக்கிறது, ஏனென்றால் ஜாவாக்காரராலேயே பூர்வீக நிலத்தை வாங்க முடியாது. ஊருக்குள் வர ஒரு வழி உண்டு. ஏதாவது ஒரு குலம் உங்களை மருமகனாக, அதாவது சகோதரியின் பிள்ளை முறையில், ஏற்றுக்கொள்ள வேண்டும். சடங்கு செய்து, ஊருக்குச் சோறு போட்டு, ஒரு மாமனின் சொல்லுக்குக் கட்டுப்பட்டால் பயிர் செய்ய நிலம் தருவார்கள். விற்கும் உரிமை அதிலும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் விலையும் கண்முன்னே நிற்கிறது, பூட்டிய வீடுகளாக. ஒரு வீட்டுக்கு நாற்பது பேர் உரிமைக்காரர்கள். கூரை ஒழுகினால் ஓட்டை அடைக்கும் கடமை நாற்பதில் யாருக்கு? ஒரு வயது வந்ததும் ஊரைவிட்டுப் பிழைக்கப் போவது இங்கே மரபு, அதிலும் ஆண்களுக்கு. இந்தோனேசியாவின் எந்த ஊருக்குப் போனாலும் பாடாங் சாப்பாட்டுக் கடை, அதாவது மினாங்கபாவ் சமையல் கடை, இருப்பதன் காரணம் அதுதான். இப்போது பெண்களும் போகிறார்கள். நிலத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்க முடியாது, வங்கிக்கு ஒரே ஆளின் பெயர் வேண்டும். ஆக வீடு நிற்கிறது, மக்குகிறது. பனைநார்க் கூரைக்கு ஆள் கிடைக்காமல் தகரம் ஏறிவிட்டது. 2013இல் சும்புவில் பழைய பெரிய வீடுகள் சில தீயில் போயின. நன்கொடை திரட்டிச் சிலவற்றை மறுபடி கட்டினார்கள். நிலநடுக்கத்துக்கு மட்டும் இந்த வீடுகள் அசைந்து கொடுக்கின்றன. தூண்கள் மண்ணில் புதையாமல் தட்டைக் கல்லின் மேல் நிற்கின்றன, ஆணிக்குப் பதில் மரப்பூட்டு. 2007 மார்ச்சில் சிங்காரக் பக்கம் ஒரே நாளில் ஆறு ரிக்டருக்கு மேல் இரண்டு தடவை ஆடியபோது செங்கல் வீடுகள்தான் அதிகம் அடிவாங்கின.

விற்க முடியாத நிலம் நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், மக்கும் வீடுகளைப் பார்த்த பிறகும் நல்லது என்றே சொல்வேன். ஏரியைச் சுற்றி ரிசார்ட் வேலி இல்லை. எந்தப் பக்கமும் இறங்கிக் கால் நனைக்கலாம். நகரத்தில் தொழில் நொடித்துத் திரும்பி வருகிறவளுக்கு ஓர் அறையும் ஒரு வயலும் எப்போதும் இருக்கின்றன. நொடித்துத் திரும்பும் ஆணுக்கு என்ன என்று கேட்டால் சங்கடம்தான். அக்கா சோறு போடுவாள்.

விடிகாலையில் சும்பு ஆற்றின் முகத்துக்குப் போய்ப் பாருங்கள். பிலிஹ் என்று நெத்திலி அளவில் ஒரு மீன், இந்த ஏரிக்கே உரியது. முட்டையிட ஆற்று நீரை எதிர்த்து ஏறும். கல்லை அடுக்கி ஓடைகளாகப் பிரித்து, அதில் ஏறும் மீனை வலைவீசி அள்ளுவதற்கு அலாஹான் என்று பெயர். அந்த ஓடைகளும் குலத்துச் சொத்துதான், மீன் முறையும் குலத்துக்குள் சுற்றிவரும். வயிற்றைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் பிதுக்கி, உப்பு மட்டும் போட்டுப் பொரித்து, இடித்த பச்சைமிளகாயோடு தருவார்கள். ஏரி நடுவே விளக்கு வைத்துக் கண்ணி சிறுத்த வலையில் அள்ளியதில் மீன் குறைந்துவிட்டது. 2003இல் இந்த மீனைக் கொண்டுபோய் தோபா ஏரியில் விட்டார்கள், அங்கே அமோகமாகப் பெருகிவிட்டது. இப்போது சிங்காரக் சாலையோரக் கடைகளில் தோபா பிலிஹ் லாரியில் வந்து இறங்குகிறது. சைவர்கள் பலாக்காய்க் குழம்பு, மரவள்ளிக் கீரை என்று சமாளிக்கலாம், ஆனால் குழம்புக்கு அடியில் என்ன இருந்தது என்று துருவிக் கேட்காமல் இருந்தால் நல்லது. சும்புவின் சப்போட்டா அந்த வட்டாரத்தில் பேர்பெற்றது, கிடைத்தால் விடாதீர்கள்.

மாவட்டத் தலைநகரான பாத்துசங்கார் பக்கம் போனால் சுருவாசோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாறையை வெட்டி இழுத்த ஒரு வாய்க்கால், பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டு ஆதித்தியவர்மன் காலத்துக் கல்வெட்டு. ஒரு பக்கம் அந்த மண்ணின் எழுத்து, இன்னொரு பக்கம் கிரந்தம். நம் பக்கத்து ஆட்கள் அதைப் படிக்கும் அளவுக்கு அங்கே இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்.

ரமலான் முடிந்து வரும் லெபாரான் வாரத்தில் மட்டும் போக வேண்டாம். பிழைக்கப் போனவர்கள் மொத்தமாகத் திரும்புவார்கள், பூட்டிய வீடெல்லாம் திறந்துவிடும், உங்களுக்குப் படுக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் முந்தின இரவே டிராவல்காரருக்குச் சொல்லிவையுங்கள். கதவு எண் கேட்க மாட்டார். எந்த குலத்து வீடு, இப்போது அங்கே மூத்த பெண் யார் என்று கேட்பார். உனியிடம் போனைக் கொடுத்துவிடுங்கள், அவர் பேசிக்கொள்வார்.